கிரேக்க கார்டில் ஓடிய இங்கிலாந்து கால்பந்து: விளையாட்டு ஒளிபரப்புக்கு ஐரோப்பிய எல்லை எதுவரை திறந்தது?

இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மத் நகரின் சவுத்ஸீ பகுதியில் ‘ரெட், ஒயிட் அண்ட் புளூ’ என்றொரு பப். பிரிமியர் லீக் ஆட்டங்களை அங்கே காட்டுவதற்கு, பிரிட்டனில் உரிமம் வைத்திருந்த ஸ்கை நிறுவனத்தின் வணிகச் சந்தா வேண்டும். அந்தச் சந்தா எல்லாக் கடைக்கும் ஒரே விலை இல்லை. கட்டடத்தின் வரி மதிப்பைப் பார்த்துக் கட்டணம் போடுவார்கள். பெரிய பப் என்றால் மாதத்துக்குப் பல நூறு பவுண்டு. பப்பை நடத்திய கேரன் மர்ஃபி அதை விட்டுவிட்டு, கிரேக்க நாட்டு நோவா நிறுவனத்தின் டிகோடர் பெட்டியையும் கார்டையும் வாங்கி மாட்டினார். கார்டு திருட்டுக் கார்டு இல்லை. நோவா வெளியிட்டது, சந்தா கட்டப்பட்டது. அதே ஆட்டம், அதே படம். வர்ணனையும் திரையில் வரும் எழுத்தும்தான் வேறு.

2007இல் போர்ட்ஸ்மத் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 1988ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம், 297ஆம் பிரிவு: கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கத்தோடு நேர்மையற்ற முறையில் ஒளிபரப்பைப் பெறுவது குற்றம். அபராதமும் வழக்குச் செலவுமாகச் சுமார் 8,000 பவுண்டு. மேல்முறையீட்டில் லண்டன் உயர் நீதிமன்றம் தானே முடிவு சொல்லாமல், லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்திடம் கேள்விகளை அனுப்பியது. வெளிநாட்டு கார்டு விற்ற கியூசி லெஷர் உள்ளிட்டோர் மீது பிரிமியர் லீக் தொடுத்த உரிமையியல் வழக்கும் அதோடு சேர்ந்தது. 2011 அக்டோபர் 4 அன்று வந்த தீர்ப்பு இரண்டுக்கும் பொது.

‘வெளிநாட்டு கார்டு செல்லும், பப் ஜெயித்தது’ என்றுதான் அன்றைய செய்திகள் சுருக்கின. கார்டு செல்லும் என்பது சரி. பப் ஜெயித்தது என்பது பாதிதான் சரி. அந்த மறுபாதியைப் புரிந்துகொண்டால்தான், ஐரோப்பாவில் தக்காளியும் காரும் வேலையாளும் தடையின்றி எல்லை கடக்கும்போது ஒரு கால்பந்து ஆட்டம் மட்டும் ஏன் இன்னும் எல்லையில் நிற்கிறது என்பது விளங்கும்.

படம் எப்படிப் போகிறது

மைதானத்தில் எடுக்கப்படும் படமும் கூட்டத்தின் ஓசையும் முதலில் தயாரிப்புக் கூடத்துக்கு வருகின்றன. அங்கே லீக்கின் சின்னம், தொடக்கக் காட்சி, லீக்கின் இசை, புள்ளிவிவர வரைகலை, ஆங்கில வர்ணனை எல்லாம் சேர்ந்து உலகத்துக்கான பொதுப் படவோட்டம் தயாராகிறது. அதைச் சுருக்கி, பூட்டி, செயற்கைக்கோள் வழியாக ஒவ்வொரு நாட்டு உரிமதாரருக்கும் அனுப்புகிறார்கள். ஏதென்ஸில் நோவா அதைப் பிரித்து, தன் சின்னத்தையும் வேண்டிய இடத்தில் கிரேக்க வர்ணனையையும் சேர்த்து, மறுபடி சுருக்கிப் பூட்டி, 13 பாகை கிழக்கில் நிற்கும் ஹாட் பேர்டு செயற்கைக்கோளுக்கு ஏற்றுகிறது. சிக்கல் தொடங்குவது இங்கேதான். ஹாட் பேர்டின் அலைவீச்சு கிரேக்க எல்லையோடு நிற்பதில்லை. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் விழுகிறது. ஸ்கையின் செயற்கைக்கோள் 28.2 பாகை கிழக்கில் இருப்பதால், அதை நோக்கித் திருப்பிய டிஷ்ஷில் நோவா வராது. இன்னொரு டிஷ்ஷை 13 பாகைக்குத் திருப்பினால் தென் இங்கிலாந்தில் தெளிவாக வரும்.

வானத்தில் எல்லை இல்லாததால் எல்லையைக் கார்டில் வைத்தார்கள். பூட்டிய படத்தைத் திறக்கும் சாவி சில நொடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அந்தச் சாவியும் மறைகுறியாக அலையோடுதான் வருகிறது; அதைப் படித்துச் சொல்வது கார்டின் வேலை. இன்ன எண்ணுள்ள கார்டுக்கு இன்ன சேனல் உண்டு, இன்ன தேதி வரை என்ற தனி உத்தரவும் அதே அலையில் வரும். சந்தா நின்றாலோ, கார்டு வேற்று நாட்டில் ஓடுகிறது என்று தெரிந்தாலோ அந்த உத்தரவைக் கொண்டு கார்டை நொடியில் கொன்றுவிடலாம். எந்தக் கார்டு என்று கண்டுபிடிக்கத் திரையில் சில நொடி எண் காட்டும் வழக்கமும் உண்டு. நம் ஊர் செட்டாப் பாக்ஸிலும் ஆட்டத்தின் நடுவே திடீரென ஓர் எண் தோன்றி மறைவதைப் பார்த்திருப்போம். அது இதே வேலைதான். பிரிட்டிஷ் பப்களுக்கான ஸ்கை சந்தாவில் திரை மூலையில் ஒரு பீர்க் கோப்பைச் சின்னம் தெரியும். சோதிக்க வரும் ஆள் உள்ளே வந்து ஒரு பார்வை பார்த்தால் போதும்: கோப்பை இருந்தால் வணிகச் சந்தா, இல்லாவிட்டால் வீட்டுக் கார்டோ வெளிநாட்டுக் கார்டோ.

லீக்கின் உரிம ஒப்பந்தங்களில் இதற்கேற்ற இரண்டு நிபந்தனைகள் இருந்தன. உரிமதாரர் தன் நாட்டுக்கு வெளியே எட்டக்கூடிய எல்லா ஒளிபரப்பையும் பூட்டியே அனுப்ப வேண்டும். தன் நாட்டுக்கு வெளியே பார்க்கும் நோக்கமுள்ள யாருக்கும் கார்டோ பெட்டியோ விற்கக் கூடாது. வழக்கின் உயிர் அந்த இரண்டாவது நிபந்தனையில்தான் இருந்தது.

லக்சம்பர்க் சொன்னது

தொலைக்காட்சி அலை ஒரு சேவை என்பதும், அதற்குச் சேவைகளின் தடையற்ற நடமாட்ட உரிமை உண்டு என்பதும் 1974இலேயே சாக்கி என்ற இத்தாலிய வழக்கில் முடிவானவை. ஆனால் 1980இல் கோடிடெல் வழக்கில் நீதிமன்றம் வேறு பக்கம் சாய்ந்தது. ஜெர்மன் தொலைக்காட்சியில் வந்த ஒரு படத்தைப் பெல்ஜியத்துக் கேபிள் நிறுவனம் பிடித்துத் தன் சந்தாதாரர்களுக்குக் கொடுத்தபோது, பெல்ஜிய உரிமையை வாங்கியிருந்தவர் அதைத் தடுக்கலாம் என்றது. அதிலிருந்து முப்பது ஆண்டுகள், நாடு நாடாக உரிமையை வெட்டி விற்கலாம், எல்லையை இரும்பாகப் பூட்டலாம் என்பதுதான் ஒளிபரப்புத் தொழிலின் பாடம்.

2011இல் நீதிமன்றம் கோடிடெல்லைத் தூக்கி எறியவில்லை, ஒதுக்கி வைத்தது. பெல்ஜியக் கேபிள்காரருக்கு யாருடைய அனுமதியும் இல்லை, அவர் உரிமையாளருக்குக் காசும் கொடுக்கவில்லை. நோவாவுக்கு லீக்கின் அனுமதி இருக்கிறது, லீக்குக்குப் பணமும் கட்டியிருக்கிறது. ஆகவே இரண்டும் ஒன்றாகாது என்றது.

பிறகு நான்கு விஷயங்கள் வரிசையாக விழுந்தன. நோவா கார்டு ‘சட்டவிரோதக் கருவி’ ஆகாது. ஒன்றியம் உறுப்பு நாடுகளுக்கு 1998இல் பிறப்பித்த 98/84 நெறியாணையில் அந்தச் சொல் குறிப்பது, சேவை தருபவரின் அனுமதி இல்லாமல் செய்யப்பட்ட அல்லது மாற்றப்பட்ட கருவியை மட்டுமே. பொய்ப் பெயரும் பொய் முகவரியும் கொடுத்து வாங்கியிருந்தாலும், வீட்டுக் கார்டைக் கடையில் பயன்படுத்தினாலும் அது அந்த வகையில் சேராது. (ஒப்பந்தத்தை மீறியதற்கான பிரச்சினை வேறு.) அடுத்து, வெளிநாட்டு கார்டை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் பயன்படுத்துவதையும் தடுக்கும் பிரிட்டிஷ் சட்டம், ஒன்றிய ஒப்பந்தத்தின் 56ஆம் உறுப்பான சேவைகளின் சுதந்திரத்துக்கு முரண். மூன்றாவதாக, கார்டை வெளிநாட்டாருக்கு விற்காதே என்ற ஒப்பந்த நிபந்தனை, போட்டியைக் கட்டுப்படுத்துவதையே நோக்கமாகக் கொண்டது. 101ஆம் உறுப்பின்படி செல்லாது. ஒரு நாட்டுக்கு ஒரே உரிமதாரர் என்பது மட்டும் தவறில்லை. அந்த ஏகபோகத்தைச் சுற்றிக் கட்டிய இரண்டாவது சுவர்தான் தவறு.

நான்காவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது, பணத்தைப் பற்றியது. உரிமையாளருக்குத் தகுந்த விலை கிடைக்க வேண்டும். கிடைக்கக்கூடிய அதிகபட்ச விலைக்கு உத்தரவாதம் தர வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொன்னது. எல்லையைப் பூட்டித் தருவதற்காக ஒளிபரப்பாளர் கூடுதலாகக் கொடுக்கும் தொகை அந்தத் தகுந்த விலைக்கு மேற்பட்டது, அதைக் காப்பாற்றச் சட்டம் தேவையில்லை. அதற்குச் சொன்ன காரணம் கச்சிதமான நடைமுறைக் காரணம். பார்ப்பதற்கு டிகோடர் அவசியம் என்பதால், எத்தனை பேர் எந்த நாட்டிலிருந்து பார்க்கிறார்கள் என்பதை மிகத் துல்லியமாக எண்ண முடியும். இங்கிலாந்தில் பத்தாயிரம் நோவா கார்டு ஓடுகிறது என்றால், ஏதென்ஸோடு பேரம் பேசும்போது அந்தப் பத்தாயிரத்துக்கும் சேர்த்துக் கேட்கலாம். எல்லையை மூட வேண்டியதில்லை, கணக்கைத் திறந்தால் போதும்.

எதிர்வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கிரேக்கக் குடும்பத்தின் வருமானத்துக்கு ஏற்ற விலையில் கார்டு விற்க முடிவது, அந்தக் கார்டு லண்டனுக்குப் போகாது என்ற நம்பிக்கையில்தான். அது போகும் என்றால் விற்பவர் இரண்டில் ஒன்று செய்வார்: ஏதென்ஸ் விலையை லண்டன் விலைக்கு ஏற்றுவார், அல்லது சிறு நாடுகளுக்கு விற்பதையே சுருக்குவார். இது வெறும் மிரட்டல் இல்லை. மருந்து விலையிலும் பாடநூல் விலையிலும் இதே கணக்கு ஓடுகிறது. அப்படியிருந்தும் தீர்ப்புக்குப் பின் லீக் வறுமைப்படவில்லை. பிரிட்டனுக்குள் நேரலை உரிமை 2007–10இல் 170.6 கோடி பவுண்டு. தீர்ப்புக்குப் பிறகு வந்த முதல் ஏலத்தில், 2013–16 காலத்துக்கு, 301.8 கோடி. அடுத்த மூன்றாண்டுக்கு 513.6 கோடி. விலையை ஏற்றியது, ஸ்கையும் பிடி (BT) என்ற பிரிட்டிஷ் தொலைபேசி நிறுவனமும் மோதிக்கொண்டது. கிரேக்க கார்டு அதைக் குறைக்கவில்லை.

பப்பின் மூன்று மணி

சனிக்கிழமை பிற்பகல் ஆட்டங்கள் தனிக் கதை. இங்கிலாந்தில் 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையில் காட்டக் கூடாது. 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்டு வலியுறுத்தி வந்த கட்டுப்பாடு இது; பெரிய ஆட்டம் திரையில் ஓடினால் சிறு கிளப்புகளின் மைதானத்துக்கு ஆள் வராது என்பது காரணம். இன்று ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிகளில் 48ஆம் உறுப்பு ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் வார இறுதியில் இரண்டரை மணி நேரம் மூடிக்கொள்ளும் உரிமை தருகிறது. பெரும்பாலான நாடுகள் அதைப் பயன்படுத்துவதில்லை. ஜெர்மனியில் சனிக்கிழமை 3.30க்குப் பண்டஸ்லிகா நேரலையாகவே போகிறது.

ஆகவே பிரிட்டனில் யாருக்கும், எந்த விலைக்கும், சட்டப்படி கிடைக்காத ஆட்டம் வெளிநாட்டு கார்டில் கிடைத்தது. பப்காரர்கள் அந்தக் கார்டைத் தேடியதற்கு விலை ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். மைதானக் கூட்டத்தைக் காப்பாற்றவே எல்லைப் பூட்டு என்று லீக் வாதிட்டது. அந்த நேரத்து ஆட்டங்களைக் காட்டக் கூடாது என்று உரிமதாரர்களின் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாமே, அதற்கு எல்லா ஆட்டத்துக்கும் எல்லை எதற்கு என்று நீதிமன்றம் கேட்டது.

தோற்ற பாதி

இப்போது மறுபாதி. ஒரு கால்பந்து ஆட்டம் பதிப்புரிமைக்கு உரிய படைப்பு ஆகாது என்று அதே தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. விதிகளுக்குள் ஆடும் ஆட்டத்தில் பதிப்புரிமைச் சட்டம் கேட்கும் வகையான படைப்புச் சுதந்திரத்துக்கு இடமில்லை. கோல் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஆட்டத்தோடு ஒட்டி வருபவை சொந்தமானவை: தொடக்கக் காட்சி, லீக்கின் இசை, முந்தைய ஆட்டங்களின் தொகுப்பு, திரை வரைகலை. அவற்றைப் பப்பில் கூடியிருப்பவர்களுக்குக் காட்டுவது, 2001ஆம் ஆண்டின் பதிப்புரிமை நெறியாணைப்படி ‘பொதுமக்களுக்கு எட்டச் செய்தல்’. வீட்டு வரவேற்பறையில் பார்ப்பவருக்கு இது பொருந்தாது. லாபத்துக்காகக் கூட்டம் சேர்த்துக் காட்டும் கடைக்காரருக்குப் பொருந்தும், தனி அனுமதி வேண்டும். டிகோடரின் நினைவகத்திலும் திரையிலும் ஒரு கணம் உருவாகும் பிரதிகளுக்கு மட்டும் அனுமதி வேண்டாம் என்று விட்டுவிட்டது.

இதன் விளைவு லண்டனுக்குத் திரும்பியதும் தெரிந்தது. 2012 பிப்ரவரி 24 அன்று மர்ஃபியின் தண்டனை ரத்தானது. அதே மாதத் தொடக்கத்தில் உரிமையியல் வழக்கில் நீதிபதி கிச்சின் எழுதிய தீர்ப்பு இன்னும் நுணுக்கமானது. பிரிட்டிஷ் சட்டத்தின் 72ஆம் பிரிவு, உள்ளே வரக் கட்டணம் வாங்காத இடத்தில் ஒளிபரப்பைக் காட்டினால் அதிலுள்ள ‘திரைப்பட’ உரிமை மீறப்படாது என்று சலுகை தந்திருந்தது. அதனால் ஓடும் படம் தப்பியது. வரைகலையும் இசையும் அந்தச் சலுகைக்குள் வரவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

நடைமுறையில் என்ன ஆயிற்று? ஆட்டத்தின் தொண்ணூறு நிமிடமும் சட்டப்படி காட்டலாம், திரை மூலையில் சின்னம் வரும் நொடியில் சட்டம் மீறப்படுகிறது. சில பப்கள் ஒலியை அடைத்தன, சின்னத்தின் மேல் எதையாவது வைத்து மறைக்கப் பார்த்தன. உரிமையாளரின் கையில் இது எளிய ஆயுதம்: சின்னத்தைப் பெரிதாக்கலாம், அடிக்கடி காட்டலாம், மறுகாட்சிக்கு முன்னும் பின்னும் செருகலாம். ஸ்வான்ஸீயில் ஒரு பப் டென்மார்க் நாட்டு வீட்டுக் கார்டைக் கொண்டு காட்டிய வழக்கு 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. ஐரோப்பிய வாதம் அங்கே பப்பைக் காப்பாற்றவில்லை. அதே 2016 ஜூனில் பிரிட்டன் 72ஆம் பிரிவைத் திருத்தி ‘திரைப்படம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. மிச்சமிருந்த சந்தும் அடைந்தது.

கார்டை எல்லை கடக்க விட்டுவிட்டுத் திரையை எல்லையில் நிறுத்திய தீர்ப்பு இது. வீட்டில் பார்ப்பவருக்கு அது முழு வெற்றி, கடை நடத்துபவருக்குப் பாதி வெற்றி. அந்தக் கடைக்காரர்தான் வழக்கையே நடத்தியவர் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இணையத்தில் எல்லை திரும்பி வந்தது

செயற்கைக்கோளுக்கு ஓர் அருமையான விதி இருக்கிறது. 1993ஆம் ஆண்டின் 93/83 நெறியாணைப்படி, ஒளிபரப்பு நடப்பது அலையை மேலே ஏற்றும் நாட்டில் மட்டுமே. ஏதென்ஸில் ஏற்றினால் உரிமை கிரேக்கத்துக்கு வாங்கினால் போதும். அலை விழும் இருபத்தேழு நாட்டுக்கும் தனித்தனியே தேவையில்லை. மர்ஃபி தீர்ப்பு நிற்பதற்கு இந்தத் தரை பெரிதும் உதவியது.

இணைய நேரலைக்கு அந்தத் தரை இல்லை. ஏதென்ஸிலிருந்து ஓடும் தளத்தைப் பாரிஸில் திறந்தால் பாரிஸ் உரிமையும் வேண்டும் என்பதுதான் பொது நிலை. ஒன்றியம் இதை மாற்ற முயன்ற ஒவ்வொரு முறையும் விளையாட்டு கவனமாக வெளியே நிறுத்தப்பட்டது. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த 2018/302 ஒழுங்குமுறை, வாடிக்கையாளரின் நாட்டைப் பார்த்துக் கடையை மூடக் கூடாது என்கிறது. ஒலி-ஒளிச் சேவைகளுக்கு அது பொருந்தாது. 2019/789 நெறியாணை, தொலைக்காட்சிகளின் இணையச் சேவைக்கும் ‘ஏற்றும் நாடு’ விதியை நீட்டியது. செய்தி, நடப்பு நிகழ்ச்சி, தாங்களே முழுதும் பணம் போட்டு எடுத்தவை ஆகியவற்றுக்கு மட்டும். விளையாட்டு நிகழ்ச்சி ஒளிபரப்பு அதில் வராது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள்.

கிடைத்த ஒரே வசதி 2017/1128 ஒழுங்குமுறை, 2018 ஏப்ரல் 1 முதல். மாட்ரிடில் வசிப்பவர் காசு கட்டி எடுத்த விளையாட்டுச் சந்தாவை, ரோமுக்கு விடுமுறைக்குப் போகும்போது கூடுதல் கட்டணம் இல்லாமல் அங்கேயும் பார்க்கலாம். சட்டத்தின் பார்வையில் அவர் அப்போதும் மாட்ரிடில்தான் பார்க்கிறார். எத்தனை நாள் வரை ‘தற்காலிகம்’ என்று சட்டம் எண் சொல்லவில்லை. இலவசச் சேவைகள் விரும்பினால் சேரலாம். வெளிநாட்டில் படத்தின் தரம் குறைந்தால் அது பெரும்பாலும் உள்ளூர் இணைப்பின் பிரச்சினை. ஆனால் சேவை நிறுவனம் வேண்டுமென்றே தரத்தைக் குறைக்கக் கூடாது.

சந்தா எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் வசிக்கும் நாட்டை நிறுவனம் சரிபார்க்க வேண்டும். அதற்கு அதிகபட்சம் இரண்டு சான்று கேட்கலாம்: அடையாள அட்டை, வங்கிக் கணக்கு அல்லது கார்டு விவரம், டிகோடர் பொருத்திய இடம், தொலைக்காட்சிக் கட்டண ரசீது, இணைய அல்லது தொலைபேசி ஒப்பந்தம், வாக்காளர் பதிவு, உள்ளூர் வரி ரசீது, மின்கட்டண ரசீது போன்றவை. அஞ்சல் முகவரி, சுய உறுதிமொழி, ஐபி முகவரி ஆகியவை பலவீனமான சான்றுகள். பொதுவாக மேலே உள்ளவற்றில் ஒன்றோடு சேர்த்தே எடுக்க வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வேலைக்காக நாடு மாறியவர் பழைய நாட்டுச் சந்தாவைத் தொடர்ந்து கட்டுகிறார், புதுப்பிக்கும்போது அடையாளச் சான்று புது நாட்டைக் காட்டுகிறது, சந்தா நின்றுவிடுகிறது.

பாரிஸிலும் டோர்ட்முண்டிலும் வாழும் நம்மவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சென்னையில் எடுத்த சந்தாவில் ஐபிஎல்லை இங்கே பார்க்க இந்தச் சட்டம் உதவுமா? உதவாது. சந்தாதாரர் வசிக்கும் நாடு ஒன்றியத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அடிப்படை. பிரான்ஸில் எடுத்த கிரிக்கெட் சந்தாவை இத்தாலிக்குக் கொண்டுபோகலாம். இந்தியாவில் எடுத்ததைக் கொண்டுவர முடியாது.

விற்காதே என்று சொல்வதும், விற்காமல் இருப்பதும்

மர்ஃபி தீர்ப்பைப் படித்துவிட்டு, ‘இனி போலந்து நிறுவனம் எனக்கு கார்டு கொடுத்தே ஆக வேண்டும்’ என்று எண்ணுபவர்கள் ஏமாறுகிறார்கள். தீர்ப்பு தடுப்பது, உரிமையாளர் ஒளிபரப்பாளரின் கையைக் கட்டுவதை. ஒளிபரப்பாளர் தானாகவே ‘எங்கள் நாட்டு முகவரி, எங்கள் நாட்டு வங்கிக் கணக்கு இல்லாமல் தர மாட்டோம்’ என்றால் அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. மேலே சொன்ன 2018/302 ஒழுங்குமுறை அந்தக் கதவைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. பல நிறுவனங்களுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் மேல் ஆர்வமும் இல்லை. மொழி தெரிந்த உதவி மையம் வேண்டும், வேறு நாட்டு வரி வேண்டும், அடுத்த ஏலத்தில் உரிமையாளரின் முகம் கோணாமல் இருக்கவும் வேண்டும்.

ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் இதை ஒருமுறை நேராக மோதிப் பார்த்தது. 2015 ஜூலையில் ஸ்கை மீதும் ஆறு ஹாலிவுட் நிறுவனங்கள் மீதும் குற்றச்சாட்டு அறிக்கை அனுப்பியது. விஷயம் சினிமாவானாலும் நிபந்தனை அதே நிபந்தனை: எல்லைக்கு வெளியிலிருந்து தானாக வந்து கேட்பவருக்கும் விற்காதே. பாரமவுண்ட் 2016இல் அந்த நிபந்தனையைக் கைவிடுவதாக உறுதி தந்தது, ஆணையம் அதைக் கட்டாயமாக்கியது. பாரமவுண்டோடு ஒப்பந்தம் வைத்திருந்த பிரான்ஸின் கனால் பிளஸ் தொலைக்காட்சி நீதிமன்றம் போனது. 2020 டிசம்பர் 9 அன்று ஒன்றிய நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை ரத்து செய்தது. எல்லைப் பூட்டு நியாயம் என்று அது சொல்லவில்லை. பாரமவுண்ட் கொடுத்த உறுதிமொழியால், வழக்கில் தரப்பாக இல்லாத கனால் பிளஸ்ஸின் ஒப்பந்த உரிமை பறிபோகக் கூடாது என்பதுதான் காரணம். கொள்கை நின்றது, அமல்படுத்தும் கருவி உடைந்தது.

திறப்பது என்றால் யாருக்கு?

எல்லை திறப்பது எப்போதும் பார்ப்பவருக்கு நன்மை என்று நான் சொல்ல மாட்டேன். டென்மார்க் வழக்கு ஒன்று இதற்குச் சாட்சி. தேசமே கூடிப் பார்க்கும் ஆட்டங்களைப் பட்டியலிட்டு, அவை இலவசத் தொலைக்காட்சியில் வர வேண்டும் என்று சொல்லும் உரிமை உறுப்பு நாடுகளுக்கு உண்டு. டென்மார்க் தன் அணியின் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களைப் பட்டியலிட்டது. மக்களில் 90 சதவீதத்துக்கு எட்டும் சேனலில் வர வேண்டும் என்றது. டிவி டேன்மார்க் 1 என்ற சேனல் டேனிஷ் மக்களுக்காகவே நடந்தாலும் உரிமம் பிரிட்டனில் இருந்து பெற்றது. அது வெளிநாட்டில் நடக்கும் தகுதி ஆட்டங்களின் உரிமையை வாங்கியது. டென்மார்க்கில் அதன் வீச்சு ஏறக்குறைய 60 சதவீதம்தான். பிரிட்டிஷ் ஒழுங்குமுறை அமைப்பு அனுமதி மறுத்தது. 2001 ஜூலையில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை அந்த மறுப்பைச் சரி என்றது: ஒரு நாட்டின் உரிமத்தை வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டு மக்களின் இலவசப் பார்வையைப் பறிக்க முடியாது.

செய்திக்கான துண்டுப் படங்களும் அப்படித்தான். ஏக உரிமை யாரிடம் இருந்தாலும், மற்றச் சேனல்கள் செய்தியில் சுமார் 90 நொடி காட்டலாம். ஆஸ்திரியாவில் யூரோப்பா லீக் உரிமை வைத்திருந்த ஸ்கை, அதற்காக ஓஆர்எஃப் என்ற அரசு ஒளிபரப்பிடம் நிமிடத்துக்கு 700 யூரோ வாங்கி வந்தது. 2013 ஜனவரியில் ஒன்றிய நீதிமன்றம், அலையை எடுக்க உண்மையில் ஆகும் கூடுதல் செலவைத் தவிர வேறெதுவும் கேட்க முடியாது என்ற விதியை உறுதி செய்தது. அங்கே அந்தக் கூடுதல் செலவு பூஜ்யம்.

2023 டிசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம், நாட்டைப் பார்த்துக் கடையை மூடக் கூடாது என்ற 2018/302 ஒழுங்குமுறையை ஒலி-ஒளிச் சேவைகளுக்கு நீட்டுவதை ஆதரிக்கவில்லை. பிரிட்டனோ 2021 ஜனவரி 1 முதல் ஒற்றைச் சந்தைக்கு வெளியே. சந்தாவைக் கொண்டுபோகும் உரிமை பிரிட்டனுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே அன்றே நின்றது. போர்ட்ஸ்மத் பப்பைக் காப்பாற்றிய 56ஆம் உறுப்பும் இன்று அங்கே இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அயர்லாந்துத் தீவுக்குப் போக வேண்டும். அயர்லாந்துக் குடியரசுக்கான பிரிமியர் லீக் உரிமம் தனியாக விற்கப்படுகிறது. அங்கே சனிக்கிழமை 3 மணி ஆட்டங்களில் ஒன்று நேரலையாக வருகிறது. டண்டாக் ஊரின் பப்பில் அதைப் பார்த்துவிட்டுச் சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே போனால் நியூரி, பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்து. நடுவில் சோதனைச்சாவடி கிடையாது, வண்டியை நிறுத்துவாரும் கிடையாது. பால் லாரி கடந்து போகும். நியூரி பப்பின் திரையில் அந்த ஆட்டம் 5.15 வரை இல்லை.